கழுவாத மூக்குத்தி

வைரத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்து டாக்டர் பட்டம் வாங்கியவள் நான். அந்த ஆராய்ச்சியின் முதல் இரண்டரை வருடத்தில் ஒரு வைரத்தைக்கூடத் தொட்டுப் பார்த்ததில்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சனிக் கிரகத்தை ஆராய்கிறவர்கள் என்ன, சனிக்குப் போய்விட்டா வருகிறார்கள்? வெட்கம், தொட்ட முதல் வைரத்தை வைத்து நான் செய்த காரியத்தில் இருக்கிறது.

என் குணத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வரும். காரணம் இருந்தால் வரும், இல்லாவிட்டால் தேடிக்கொண்டு வரும். கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் கேபிள்காரர், பால்காரர், பஞ்சாயத்துக் குழாய் திறப்பவர் எல்லோரும் அப்பா வீட்டில் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் கதவைத் தட்டுவார்கள். இந்தக் கோபம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் இப்போது எழுத ஒன்றும் இருந்திருக்காது.

என் வேலை என்ன என்று சொல்லவேண்டும். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான். வைரம் என்பது முழுக்க முழுக்கக் கார்பன் அணு. வரிசை தப்பாமல் அடுக்கி வைத்தது. அந்த அடுக்கில் எங்கேயாவது ஒரு கார்பன் காணாமல் போயிருக்கும், அந்த ஓட்டையில் ஒரு ஹைட்ரஜன் வந்து உட்கார்ந்திருக்கும். சுற்றிலும் தமிழ்நாடு, நடுவில் காரைக்கால் உட்கார்ந்திருப்பது போல. இத்தனூண்டுதான். ஆனால் அதனால் சுற்றுவட்டாரத்தின் போக்கே மாறும் (எப்படி மாறும் என்று நாகப்பட்டினம் பக்கத்து ஆண்களைக் கேளுங்கள், எந்தக் கடைக்கு வருகிறோம் என்று அவர்களே சொல்வார்கள்). அந்த ஹைட்ரஜன் எங்கே உட்காரும், எப்படி அதிரும் என்று குவாண்டம் இயற்பியலை வைத்துக் கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது என் வேலை. பெட்டி மாதிரி ஒரு சின்ன வைரத்தைக் கம்ப்யூட்டருக்குள் கட்டுவேன். இருநூற்றுப் பதினாறு கார்பன். அதில் ஒன்றைப் பிடுங்குவேன். ஹைட்ரஜனை வைப்பேன். கம்ப்யூட்டர் மூன்று நாள் முனகிவிட்டு ஒரு எண்ணைத் துப்பும்.

அப்பாவுக்குக் கீழவாஞ்சூர் துறைமுகத்தில் வேலை. நிலக்கரி லாரிகளை எடைபோடும் மேடையில் உட்கார்ந்திருப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண்ணைத் தவிர மற்றதெல்லாம் கறுப்பாக இருக்கும். யாராவது “பொண்ணு என்ன படிக்குது?” என்று கேட்டால், “நானும் கார்பன், அதுவும் கார்பன். எனக்குக் கரி, அதுக்கு வைரம்” என்பார். கேட்டவர்கள் உடனே, “அப்ப நகைக்கடை வைக்கப் போவுதா?” என்பார்கள். எனக்குக் கோபம் வரும்.

மூன்றாம் வருடத்தில்தான் சிக்கல் வந்தது. காரைக்காலில் நான் ஆராய்ச்சி செய்த கல்லூரியில் (பெயர் வேண்டாம், அவர்கள் பாவம்) மூன்றாம் வருடம் ஒரு மதிப்பாய்வு உண்டு. வெளியூரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் நின்று பேசவேண்டும். அவர் திருப்திப்படாவிட்டால் ஆராய்ச்சி அதோடு நின்றுபோகும். என் வழிகாட்டி கூப்பிட்டுச் சொன்னார். மெல்லிய மனிதர், பூனை நடப்பதுபோல் பேசுவார்.

“புவனா, கணக்கெல்லாம் அழகா இருக்கு. ஆனா இது எந்தக் கல்லுல இருக்குன்னு கேட்டா என்னம்மா சொல்லுவ? ஒரே ஒரு உண்மையான அளவீட்டோட ஒத்துப்போச்சுன்னா நம்மள யாரும் அசைக்க முடியாது.”

“கல்லுக்கு எங்க சார் போறது?”

சார் யோசித்தார். அவரும் என்னைப் போலக் கணக்குப் போடுகிறவர். அவர் பார்த்த ஒரே வைரம் அவர் மனைவி காதில் இருந்தது. அதையும் கேட்கும் தைரியம் அவருக்கு இல்லை.

எனக்கு இருந்தது.

அம்மாவின் மூக்கில் ஒற்றைக்கல் மூக்குத்தி ஒன்று உண்டு. கல்யாணத்துக்கு அவளுடைய தாய்மாமன் போட்டது. அப்போதைக்கு முப்பது வருடம் ஆகியிருந்தது. அது வைரமே இல்லை, கண்ணாடிக்கல் என்று என் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, முப்பது வருடமாகச் சொல்லிவந்தாள். அம்மா அதற்குப் பதில் சொன்னதே இல்லை. மூக்கைக் கொஞ்சம் வெளிச்சத்தின் பக்கம் திருப்பிக்கொள்வாள், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சுறாவைப் புட்டுக்கு வேகவைத்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன்.

“அம்மா, உன் மூக்குத்தியக் கழட்டிக் குடு.”

“எதுக்கு?”

“ஆராய்ச்சிக்கு. உள்ள ஹைட்ரஜன் இருக்கான்னு பாக்கணும்.”

“இருந்தா?”

“இருந்தா நல்லது.”

“இல்லன்னா?”

“குடுப்பியா மாட்டியா?”

“கட்டுனவரு குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு. மூக்க மூளியா வெச்சுக்கச் சொல்றியா?”

குத்துக்கல், கூடத்தில் செய்தித்தாளை இறக்கிவிட்டுச் சொன்னது: “குடேன். எனக்கு ஒண்ணும் ஆவாது. ரெண்டு நாள்தானே?”

“ரெண்டே நாள்” என்றேன் நான்.

அம்மா கையைக் கழுவிக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றாள். அப்பா டார்ச் அடித்தார். திருகு அசையவில்லை. அம்மா தேங்காயெண்ணெய்ப் புட்டியை எடுத்து ஒரு சொட்டு விட்டாள், இரண்டு சொட்டு விட்டாள், கால் மணி நேரம் மல்லுக்கட்டி, கண்ணில் தண்ணீர் வரக் கழற்றினாள். இதையெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

“இருடி, பூந்திக்கொட்டையில ஊறப்போட்டுக் கழுவித் தரேன். முப்பது வருசத்து அழுக்கு.”

அப்போதுதான் கத்தினேன்.

“தொடாத. இது சாம்பிள். சாம்பிள்ல நீ கண்ட கொட்டையப் போட்டுக் கழுவுனா என் ஆராய்ச்சி என்னத்துக்கு ஆவறது? இருக்கறது இருக்கறபடி வேணும். உனக்கு ஒண்ணும் தெரியாது, விடு.”

அம்மா விட்டுவிட்டாள். துடைக்காமல் அப்படியே ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுத்தாள். துடைப்பத்திலிருந்து ஒரு ஈர்க்குச்சியைக் கிள்ளி, ஓட்டை தூர்ந்துபோகாமல் இருக்க மூக்கில் செருகிக்கொண்டாள். பிறகு புட்டுக்கு வெங்காயம் நறுக்கப் போனாள்.

வேதியியல் துறையில் அகச்சிவப்பு ஒளியில் அளக்கும் கருவி இருந்தது. ஒளி கல்லுக்குள் போய், அடியில் இருக்கும் தங்கத்தில் பட்டுத் திரும்பி வரும். வரும் வழியில் எந்தெந்த அலையைக் கல் தின்றுவிட்டதோ அங்கெல்லாம் வரைபடத்தில் ஒரு மேடு விழும். எந்த மேடு எந்த அணுவின் அதிர்வு என்று சொல்லிவிடலாம். அந்தக் கருவி நூர்ஜஹான் வசம். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவள்.

மூக்குத்தியை இடுக்கியால் எடுத்துப் பார்த்தாள்.

“கழுவியாச்சாடி?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ‘கழுவணுமா?’ என்று கேட்டிருக்கலாம். ஆனால் அவள் கேட்ட கேள்வியும் அம்மா சொன்னதும் ஒன்றாக இருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. வேதியியல்காரியிடம் போய்த் தெரியாது என்று சொல்வதா?

“எல்லாம் ஆச்சு. நீ அள.”

அளந்தாள். திரையில் வரைபடம் வந்தது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். ஹைட்ரஜனும் கார்பனும் கைகோத்து ஆடினால் மேடு விழும் பகுதி ஒன்று உண்டு. அந்தப் பகுதியில் அலை எண் 2850 பக்கம் ஒன்று, 2920 பக்கம் ஒன்று. மேடுகளா அவை? மலை. வைரத்தில் ஹைட்ரஜன் என்றால் ஊசி முனை மாதிரி ஒரு கோடு தெரியும் என்றுதான் படித்திருந்தேன். இங்கே இரட்டைக் கோபுரம் நிற்கிறது.

“என்னடி இவ்வளவு வருது?” என்றாள் நூர்ஜஹான்.

“யாரும் பாக்காதது” என்றேன்.

1745 பக்கம் இன்னொரு மேடு இருந்தது. அது எனக்கு வேண்டாத இடம். ஹைட்ரஜனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரைச்சல் என்று சொல்லி வரைபடத்தை அந்த இடத்துக்கு முன்னால் வெட்டிவிட்டேன். (ஆராய்ச்சி மாணவர்கள் யாராவது இதைப் படித்தால்: வெட்டாதீர்கள். வெட்டின துண்டு ஒருநாள் கத்தியோடு வரும்.)

அன்று தொடங்கினேன். அந்த இரண்டு கோபுரங்களையும் கணக்கில் கொண்டுவரவேண்டும். ஒரு கார்பனைப் பிடுங்கி ஒரு ஹைட்ரஜனை வைத்தேன். பொருந்தவில்லை. இரண்டு வைத்தேன். பொருந்தவில்லை. ஓட்டையில் நான்கை வைத்து அடைத்தேன், தீபாவளிக்கு மறுநாள் சென்னை பஸ் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு எண் எங்கேயோ மேலே போய்விட்டது. ஓட்டையைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். வைரத்துக்குள் ஒரு குழியே தோண்டி, குழிச்சுவரில் இருந்த ஒவ்வொரு கார்பனிலும் இரண்டிரண்டு ஹைட்ரஜனாகத் தொங்கவிட்டேன். கொடியில் துணி காயப்போட்ட மாதிரி.

ஆறாவது வாரம் பொருந்தியது. 2850, 2920. அச்சு அசல்.

இப்போது சொல்கிறேன். ஒரு கார்பனுக்கு இரண்டு ஹைட்ரஜன் வீதம் சங்கிலியாகத் தொங்கினால் அதற்கு உலகத்தில் வேறு பெயர் உண்டு. எண்ணெய். குவாண்டம் இயற்பியலின் எல்லா விதிகளுக்கும் கட்டுப்பட்டு, கல்லூரியின் பெரிய கம்ப்யூட்டரை ஆறு வாரம் கொதிக்கவிட்டு, நான் வைரத்துக்குள் ஒரு சொட்டு எண்ணெயைக் கட்டி எழுப்பியிருந்தேன். கணக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. ‘புவனா, இது எண்ணெய், எண்ணெய்’ என்று கத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் வீட்டில் யார் பேச்சைக் கேட்டேன், அதன் பேச்சைக் கேட்க?

சாருக்கும் சந்தோஷம். “புது வகைக் குறைபாடு போலிருக்கேம்மா” என்றார். அவரே தன் கையால் அதற்கு ஒரு பெயர் வைத்தார். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அவர் ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார்.

இதற்கிடையில் வீட்டில் தினமும் ஒரே கேள்வி.

“ரெண்டு நாள் ஆச்சாடி?”

“இன்னும் ஒருதடவ அளக்க வேண்டி வரலாம்மா.”

“ரெண்டு நாள்னா நாப்பது நாளா உங்க காலேசுல?”

மூக்குத்தி கல்லூரியில் என் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடந்தது. அம்மா ஈர்க்குச்சியோடு மீன் வாங்கப் போனாள், கோயிலுக்குப் போனாள், ரேஷன் கடை வரிசையில் நின்றாள். மூன்று நாளைக்கு ஒருமுறை பழைய குச்சியை எறிந்துவிட்டுப் புதிது கிள்ளிக்கொண்டாள். எங்கள் துடைப்பம் ஒரு பக்கம் இளைத்துவிட்டது. அத்தை வந்தபோது, “என்ன அண்ணி, கண்ணாடிக் கல்லத் தூக்கிப் போட்டுட்டு வெளக்கமாத்துக்கு வந்துட்டீங்களா?” என்றாள்.

“புள்ள பரிச்சைக்கு வேணும்னுச்சு” என்றாள் அம்மா. நான் உள்ளே உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். எழுந்து போய் அத்தையை நாலு வார்த்தை கேட்டிருக்கவேண்டும். எல்லாரிடமும் கத்துகிறவளுக்கு அன்றைக்குப் பார்த்து வரைபடத்துக்குக் கட்டம் போடும் வேலை இருந்தது.

மதிப்பாய்வு வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலை நெடுங்காட்டில் மாமா மகள் கல்யாணம். அம்மா அந்த வீட்டில் பிறந்தவள், நலங்கு வைக்கும் முதல் கை அவளுடையது. ஈர்க்குச்சியோடு போய் அங்கே நிற்க முடியாது.

“வெள்ளிக்கிழம சாயந்தரம் கொண்டாந்துடுறேன்” என்றேன்.

“ஒன்ன நான் நம்பல. நானே வந்து வாங்கிக்கறேன்” என்றாள்.

சொன்னபடி வந்தாள். பதினோரு மணிக்கு நான் மேடையில் ஏறி முதல் படத்தைப் போட்டபோது பின்கதவு திறந்தது. பச்சைப் பட்டு, கையில் ஒரு மஞ்சள் பை, மூக்கில் குச்சி. கடைசி பெஞ்சில் நூர்ஜஹான் நகர்ந்து இடம் கொடுத்தாள். முன்வரிசையில் சார். அவருக்குப் பக்கத்தில் சென்னையிலிருந்து வந்திருந்த தேர்வாளர். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. வாழ்நாள் முழுக்கக் கற்களை அளந்தவர் என்று சார் முதல்நாளே எச்சரித்திருந்தார்.

பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். இருபது நிமிடத்தில் குழி தோண்டி, ஹைட்ரஜன் தொங்கவிட்டு, கணக்கையும் அளவீட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டினேன். ஒன்றை ஒன்று மறைத்துக்கொண்டு நின்றன. பின்னால் இருந்த மாணவர்கள் கைதட்டினார்கள். அம்மாவும் தட்டினாள்.

தேர்வாளர் தட்டவில்லை. ஒரு பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“நல்ல வேலை. இந்தக் கல் எங்கேருந்து வந்தது?”

“வீட்டு நகை சார். இயற்கைக் கல்.”

“வரைபடத்தை ஏன் இங்கே நிறுத்திட்டீங்க? இடது பக்கம் என்ன இருக்கு?”

“இரைச்சல் சார்.”

“எந்த இடத்துல?”

“ஆயிரத்து எழுநூத்துச் சொச்சத்துல.”

அவர் பேனாவை மூடிவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எழுதிக்கொண்டிருக்கிறவரைக்கும் நம்பிக்கை உண்டு.

“சாம்பிளைச் சுத்தம் பண்ணது யாரு?”

நான் நூர்ஜஹானைப் பார்த்தேன். நூர்ஜஹான் என்னைப் பார்த்தாள். சார் தரையைப் பார்த்தார். கடைசி பெஞ்சிலிருந்து குரல் வந்தது.

“நான் கழுவித் தரேன்னுதாங்க சொன்னேன். அவதான் தொடாதன்னு கத்துனா.”

மொத்த அறையும் திரும்பிப் பார்த்தது. தேர்வாளரும் திரும்பினார். மூக்கில் இருந்த குச்சியைப் பார்த்தார். அவருக்கு அப்போதே எல்லாம் புரிந்திருக்கவேண்டும். எழுந்து நின்று, மரியாதையாகக் கேட்டார்.

“நீங்க அவங்க அம்மாங்களா? மூக்குத்தி உங்களுதா?”

“ஆமாங்க.”

“எத்தன வருஷமாப் போட்டிருக்கீங்க?”

“கல்யாணத்துலேருந்துங்க. முப்பது வருசம்.”

“எண்ணெய் கிண்ணெய் படுமா?”

அம்மாவுக்கு அது வேடிக்கையான கேள்வியாக இருந்தது. “படுமாவா? தெனம் குளிச்சிட்டு ஒரு சொட்டு நானே விடுவேங்க. இல்லாட்டி மூக்கு புண்ணாயிடும். திருகும் புடிச்சிக்கும்.”

“என்ன எண்ணெய்ம்மா?”

“தேங்காண்ணைதாங்க. வேற என்னத்த விடுவாங்க மூக்குல?”

சிரிப்பு முதலில் மாணவர்கள் பக்கம் தொடங்கியது. பிறகு முன்வரிசைக்கு வந்தது. சார்கூட வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். நான் மேடையில் நின்றேன். பின்னால் திரையில் என் இரட்டைக் கோபுரம் பளபளத்துக்கொண்டிருந்தது. பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்பார்கள். எனக்கு அதுகூட வேண்டாமாக இருந்தது. பூமிக்குள் போனால் அங்கேயும் கார்பன்தான் இருக்கும்.

திடீரென்று அம்மா எழுந்து நின்றாள்.

“என்னத்துக்குச் சிரிக்கிறீங்க?”

சிரிப்பு பாதியில் நின்றது.

“ஏழு வாரமா ஒழுங்கா ஒரு வாய் சோறு திங்கல அது. தட்டுல கைய வெச்சிக்கிட்டு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கும். எண்ணெ விட்டது நான். அதுக்கு என்னத் திட்டுங்க, அதப் பாத்துச் சிரிக்காதீங்க.”

எனக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் கோபமே வரவில்லை.

தேர்வாளர் அம்மாவிடம் சொன்னார்: “தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் படிச்ச காலத்துல என் கைவிரல் ரேகையவே புதுக் கனிமம்னு சொல்லிக்கிட்டு ஒரு மாசம் சுத்தினேன். உக்காருங்க.” பிறகு என் பக்கம் திரும்பினார். “ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய அளந்து கொண்டாங்க. மத்தியானம் பேசுவோம்.”

விடுதிச் சமையலறையிலிருந்து எண்ணெய் வாங்கி வந்து நூர்ஜஹான் அளந்தாள். கோபுரத்தின் மேல் கோபுரம் உட்கார்ந்தது. நான் வெட்டி எறிந்த 1745 மேடும் இருந்த இடத்தில் இருந்தது. எண்ணெயில் ஆக்சிஜன் இருக்கும் இடம் அது. வைரத்தில் அப்படி ஒரு இடமே கிடையாது. பள்ளிக்கூடப் பாடம். நூர்ஜஹான் என்னைத் திட்டவில்லை. “கழுவியாச்சாடின்னு கேட்டேன்ல?” என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பதிலாக ஒரு அறை விட்டிருக்கலாம்.

அம்மா மஞ்சள் பையைத் திறந்தாள். கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ளும் முன் கழுவவேண்டும் என்று கைக்குட்டையில் பூந்திக்கொட்டை முடிந்து கொண்டுவந்திருந்தாள்.

“எங்க உம்மாவும் இதுலதான் கழுவும்” என்றாள் நூர்ஜஹான். கண்ணாடிக் குவளையில் வெந்நீர் ஊற்றி, கொட்டையை நசுக்கிப் போட்டு, நுரை வந்ததும் மூக்குத்தியைப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் அம்மாவே தேய்த்தாள். இரண்டாம் தண்ணீர், மூன்றாம் தண்ணீர். என் ஏழு வாரக் கண்டுபிடிப்பு வேதியியல் துறையின் கழுவுதொட்டியில் சுழன்று சுழன்று ஓட்டைக்குள் போனதை நான் நேரில் நின்று பார்த்தேன்.

காயவைத்து மறுபடி அளந்தோம். கோபுரங்கள் இல்லை. அவை நின்ற இடத்துக்குச் சற்றுத் தள்ளி, 3107இல், ஒரு ஊசி முனை. அத்தனை பெரிய மேடுகளுக்குப் பக்கத்தில் கண்ணில் படாமல் கிடந்த மெல்லிய கோடு. ஒரு ஓட்டை, அதைச் சுற்றி மூன்று நைட்ரஜன், நடுவில் ஒரே ஒரு ஹைட்ரஜன். பூமியின் ஆழத்தில் நெடுங்காலம் கிடந்த கல்லில் வழக்கமாகத் தெரியும் கோடு அது. உலகத்துக்கெல்லாம் தெரிந்த விஷயம், என் ஆராய்ச்சிக்குப் புதிதாக ஒன்றும் இல்லை.

“அம்மா, இது உண்மையான வைரம். கண்ணாடிக் கல் இல்ல” என்றேன். அன்றைக்கு என்னிடம் கொடுக்க இருந்தது அது ஒன்றுதான்.

அம்மா பிரஷ்ஷை உதறினாள். “தெரியும். எங்க மாமன் பொய்க் கல்லா போடுவாரு?”

மத்தியானம் தேர்வாளர் தீர்ப்பைச் சொன்னார். ஆறு மாதம் அவகாசம். அந்தப் பெரிய குழியைத் தூர்த்துவிட்டு, 3107 கோட்டிலிருந்து ஒழுங்காகத் தொடங்கவேண்டும். “உங்க கணக்கு எண்ணெய எண்ணெய்னு சரியாக் கண்டுபிடிச்சிருக்கு. அதனாலதான் இந்த ஆறு மாசம். கணக்கு தப்பா இருந்திருந்தா அனுப்பியிருப்பேன்” என்றார். ஆக, என்னைக் காப்பாற்றியதும் அந்த எண்ணெய்தான்.

வீட்டுக்கு ஸ்கூட்டரில் திரும்பினோம். அம்மா பின்னால் உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி மூக்கில் ஏறிவிட்டது. கோட்டுச்சேரி கடைத்தெரு வந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

“நான் அந்தச் சொட்டு விடாம இருந்திருந்தா நீ பாஸாயிருப்பியாடி?”

வண்டியை ஓரமாக நிறுத்தினேன். கத்தவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

“இல்லம்மா. நான் ஒன்னக் கழுவ விட்டிருந்தா பாஸாயிருப்பேன்.”

“அப்படியா” என்றாள். நம்பவில்லை என்று குரலிலேயே தெரிந்தது.

மறுநாள் நெடுங்காட்டில் மூக்குத்தி ஜொலித்தது. முப்பது வருடத்து அழுக்கு போன கல், மண்டபத்து விளக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பிடித்து எறிந்தது. அத்தைகூடக் கிட்டே வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பாயசம் வாங்கப் போனாள். ஆனால் அம்மா அடிக்கடி முந்தானையால் மூக்கை ஒற்றிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தபோது பார்த்தேன். மூக்கு சிவந்து வீங்கியிருந்தது.

“எண்ணெ விடலையா?”

“வேணாம். இனிமே விட மாட்டேன். மறுபடி ஒனக்கு அளக்க வேண்டி வந்துச்சுன்னா?”

இலையில் கூட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்துபோய் சமையல்காரரிடம் தேங்காயெண்ணெய் கேட்டேன். எதற்கு என்றார். மூக்குக்கு என்றேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். பந்தியில் இருநூறு பேர் பார்க்க, அம்மாவின் முகத்தைத் தூக்கிப் பிடித்து, சுண்டுவிரலால் ஒரு சொட்டு எடுத்து நானே விட்டேன். அவள் அசையாமல் இருந்தாள். ஒருமுறை மட்டும், “மெதுவாடி, கை கனம் ஒனக்கு” என்றாள். எதிர்ப்பந்தியில் உட்கார்ந்திருந்த அப்பா விஷயம் முழுதும் கேட்டிருந்தவர். கரண்டியைச் சுட்டிக் காட்டி ஊருக்கே கேட்கச் சொன்னார்: “பாத்து ஊத்து, ஹைட்ரஜன் சிந்திடப் போவுது.”

அன்றோடு எங்கள் வீட்டில் தேங்காயெண்ணெய்க்குப் பெயர் மாறிவிட்டது. ஆறு மாதத்துக்குப் பிறகு நான் மதிப்பாய்வில் தேறினேன், பட்டமும் வாங்கினேன், அதே கல்லூரியில் வேலைக்கும் சேர்ந்தேன். என் அறையில் ஒரு புட்டி நிறையப் பூந்திக்கொட்டை இருக்கிறது. புதிதாகச் சேரும் மாணவர்களிடம் முதல்நாளே அதைக் காட்டிவிடுவேன். ஏன் என்று அவர்கள் நூர்ஜஹானிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். அவள் சொல்லும் கதையில் நான் இன்னும் மோசமானவள்.

நான் இன்னும் கத்துகிறேன். குணம் போகவில்லை. ஆனால் காலையில் அம்மா குளித்துவிட்டு வந்ததும், கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்தில் யாரைத் திட்டிக்கொண்டிருந்தாலும், நடுவில் நிறுத்திவிட்டுப் புட்டியை எடுக்கிறேன். அவளுக்குக் கண் மங்கிவிட்டது, சொட்டு குறி தவறி உதட்டில் விழுகிறது. அதனால் நான்தான் விடுகிறேன். போன வாரம் புட்டி காலியாகியிருந்தது. அம்மா முகத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டு காத்திருந்தாள். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பாவைக் கூப்பிட்டு, கண்ணைத் திறக்காமலே சொன்னாள்:

“என்னங்க, வரும்போது அர லிட்டர் ஹைட்ரஜன் வாங்கிட்டு வந்துடுங்க.”